பலனுக்கேற்ற மானியம் முதல் திறனாய்வுத் தேர்வு வரை: தமிழகத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் தேர்வுத் தயாரிப்பின் வரலாறு

முன்னுரை

தமிழ்நாட்டின் அரசு நடுநிலைப் பள்ளிகள் பலவற்றில் புத்தாண்டு பிறந்ததும் எட்டாம் வகுப்பு மாணவர் சிலர் காலை மணி அடிப்பதற்கு முன்பே வந்து அமர்ந்துவிடுகிறார்கள். எண் தொடரில் விடுபட்ட எண்ணைக் கண்டுபிடிப்பது, உருவ வரிசையில் பொருந்தாததை நீக்குவது, ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்புவது என்று பயிற்சி நடக்கிறது. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வுக்கான தயாரிப்பு அது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை இப்படிப் பொதுத் தேர்வு ஒன்றுக்கு ஆயத்தப்படுத்துவது அண்மைக்கால வழக்கம் என்று பலரும் கருதுகிறார்கள். உண்மையில் இதற்கு 150 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

வினாவை வகுப்பாசிரியர் அல்லாத ஒருவர் அமைப்பது, எல்லாப் பள்ளிக்கும் ஒரே அளவுகோல் வைப்பது, முடிவைப் பள்ளிக்கு வெளியே இருக்கும் அதிகாரம் பயன்படுத்துவது ஆகிய மூன்று இயல்புகளும் உள்ள தேர்வையே இக்கட்டுரை பொதுத் தேர்வு என்று கொள்கிறது. சென்னை மாகாணத்திலும் பின்னர் தமிழ்நாட்டிலும் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இத்தகைய தேர்வுகளுக்கு எவ்வாறு ஆயத்தப்படுத்தப்பட்டார்கள் என்பதைக் கால வரிசையில் காண்பது இதன் நோக்கம். தேர்வு நன்றா தீதா என்ற பொது வாதத்தைவிட, தேர்வின் விளைவு யார் தோளில் விழுகிறது என்ற கேள்வியே முதன்மையானது. பயிற்சி கற்றலாக அமைவதும் வெறும் ஒப்பிப்பாகச் சுருங்குவதும் அதைப் பொறுத்தே நடந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

1. வெளித்தேர்வு இல்லாத காலம்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் உள்ளூர்ப் பள்ளிகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டுமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு உத்தரவிட்டார். அவ்வறிக்கைகளைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பு 12,498 பள்ளிகளையும் 1,88,650 மாணவர்களையும் கணக்கிட்டது. இவற்றுள் தமிழ்ப் பகுதிகளில் இருந்தவை பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். மணலில் எழுத்து, ஓலையில் சுவடி, நாவில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும், கணக்குக்கு எண்சுவடி என்பது அவற்றின் பாடமுறை.

அப்பள்ளிகளில் அரசு வைத்த தேர்வு எதுவும் இல்லை. பிள்ளையின் கல்வியை மதிப்பிட்டவர்கள் பெற்றோரும் ஊராரும்தான். நெல்லளவை பிசகாமல் சொல்கிறானா, குழிக்கணக்குப் போடுகிறானா, வந்த ஓலையை வாசிக்கிறானா என்பதே சோதனை. ஆசிரியரின் வருவாய் வீடுதோறும் வந்த தானியத்தையும் காசையும் பண்டிகைக்கால மரியாதையையும் சார்ந்திருந்தது. எண்சுவடி மரபை விரிவாக ஆராய்ந்த டி. செந்தில்பாபு, அங்கே மனப்பாடம் என்பது கணக்கிடும் திறனோடு பிணைந்த ஒரு கற்றல்முறை என்று காட்டியிருக்கிறார். மாணவன் வாய்பாட்டை ஒப்பித்ததோடு நிற்கவில்லை. அளவைகளுக்கு இடையே மாற்றவும் பங்கிடவும் அதைப் பயன்படுத்தினான்.

இந்தப் பள்ளியை மிகைப்படுத்திப் போற்றவும் இடமில்லை. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கு அதன் திண்ணை திறக்கவில்லை; பெண்பிள்ளைகள் மிக அரிதாகவே இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வைக்கும் அரசுத் தேர்வு பின்னாளில் வந்தபோது, அதைச் சமத்துவத்தின் வாயிலாகச் சிலர் கண்டதற்கு இந்த விலக்கலும் ஒரு காரணம்.

2. 1862: பிள்ளையின் தேர்ச்சிக்கு விலை

தேர்ச்சியோடு பணத்தை இணைத்த முறை இங்கிலாந்தில் தோன்றியது. தொடக்கக் கல்விக்கான அரசுச் செலவு பெருகியதையும், பல பள்ளிகளில் அடிப்படை எழுத்தறிவே கைகூடவில்லை என்பதையும் நியூகாசில் ஆணையம் 1861-இல் சுட்டிக்காட்டியது. அதைத் தொடர்ந்து அன்றைய கல்விப் பொறுப்பாளர் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்தச் சட்டத்தொகுப்பு 1862-இல் நடைமுறைக்கு வந்தது.

அதன் கணக்கு எளிது. ஆறு வயதுக்கு மேற்பட்ட, போதிய நாள் வருகை தந்த ஒரு பிள்ளை ஆண்டுக்கு 8 ஷில்லிங் மானியம் ஈட்டலாம். ஆய்வாளர் நேரில் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேர்வு வைப்பார். ஒவ்வொன்றில் தவறும்போதும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும். மூன்றிலும் தவறினால் அந்தப் பிள்ளையால் பள்ளிக்கு வரும் தேர்வுத்தொகை பூஜ்யம். சராசரி வருகைக்கான 4 ஷில்லிங் தனி.

இதனால் பள்ளியின் வரவுசெலவு ஒரே ஒரு நாளின் விடைகளில் தொங்கியது. வரலாறு, புவியியல் போன்ற மானியம் தராத பாடங்கள் ஒதுங்கின. ஆய்வாளர் வாசிக்கச் சொல்லும் நூல் எது என்பது முன்பே தெரியும் என்பதால், பிள்ளைகள் அந்நூலை முழுதும் மனப்பாடம் செய்தார்கள். புத்தகத்தைப் பார்க்காமலே வாசித்தார்கள். மந்தமான பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பப் பயிற்சி கிடைத்தது; எப்படியும் தேறிவிடுவார்கள் என்ற பிள்ளைகள் கவனிப்பாரின்றி இருந்தார்கள். கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மாத்யூ ஆர்னால்டு, இம்முறை கற்பித்தலை இயந்திரமயமாக்கிவிட்டது என்று தம் ஆய்வறிக்கைகளில் தொடர்ந்து எழுதினார். தலைமை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற எட்மண்ட் ஹோம்ஸ் 1911-இல் வெளியிட்ட நூலில், இம்முறை ஒழிந்த பின்னரும் அது ஆசிரியர்களிடம் விதைத்த பழக்கம் போகவில்லை என்று விளக்கினார். சட்டத்தைத் திருத்துவதைவிட வகுப்பறைப் பழக்கத்தைத் திருத்துவது கடினம் என்ற அவரது பட்டறிவு தமிழகத்துக்கும் பொருந்தியது.

3. சென்னை மாகாணத்தில் பலனுக்கேற்ற மானியம்

தனியார் பள்ளிகளுக்கு உதவி மானியம் அளிக்கும் கொள்கையை 1854-ஆம் ஆண்டின் உட்ஸ் அறிக்கை வகுத்தது. 1860-களின் பிற்பாதியில் சென்னை மாகாணம் தொடக்கப் பள்ளிகளின் மானியத்தைத் தேர்வுப் பலனோடு இணைத்தது. 1871-இல் வந்த உள்ளாட்சி நிதிச் சட்டமும் நகர மேம்பாட்டுச் சட்டமும் இதற்கான நிதி வழிகளை விரிவாக்கின.

திண்ணைப் பள்ளி ஆசிரியருக்கு இது புதிய உலகம். மானியம் வேண்டுமென்றால் வருகைப் பதிவேடு வைக்க வேண்டும். பிள்ளைகளை வகுப்புகளாகப் பிரிக்க வேண்டும். அச்சிட்ட பாடநூலை நடத்த வேண்டும். குறித்த நாளில் ஆய்வாளர் முன் பிள்ளைகளை நிறுத்த வேண்டும். ஊர்க்கணக்கோடு ஒட்டிய எண்சுவடியின் இடத்தைப் படிப்படியாகத் துறை வகுத்த கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டது. பெற்றோரிடம் பதில் சொல்லி வந்த ஆசிரியர், துறையிடம் பதில் சொல்பவரானார்.

நன்மையே விளையவில்லை என்று சொல்ல முடியாது. அரசின் பார்வைக்கே வராதிருந்த ஆயிரக்கணக்கான சிற்றூர்ப் பள்ளிகள் பதிவேட்டில் இடம்பெற்றன. உதவிபெறும் பள்ளிகள் பெருகின. 1882-இல் அமைந்த ஹண்டர் ஆணையமும் தொடக்கக் கல்விக்கு இம்முறையைப் பொதுவாக ஆதரித்தது. ஆனால் சுமையின் பகிர்வு கொடுமையானது. காய்ச்சல் பரவிய ஊரிலும், அறுவடைக் காலத்தில் பிள்ளைகள் வயலுக்குப் போன ஊரிலும் ஆசிரியரின் வருவாய் சரிந்தது. பிள்ளைகளின் நோயும் பெற்றோரின் வறுமையும் ஆசிரியரின் குற்றமாகக் கணக்கில் ஏறின. எனவே ஆசிரியர் தமக்குத் தெரிந்த பாதுகாப்பான வழியைத் தேர்ந்தார்: கேட்கப்படும் பாடத்தை மட்டும் நடத்துவது, கேட்கப்படும் வடிவத்திலேயே ஒப்பிக்க வைப்பது.

இந்திய அரசின் 1904-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானம் இம்முறையைக் கைவிடச் சொன்னது. சென்னை மாகாணத்தில் அது 1906-இல் முடிவுக்கு வந்தது. ஆயினும் ஆய்வாளர் வரும் நாளுக்காகப் பள்ளியைத் துடைத்து, தேர்ந்த சில பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்தி, முன்பே சொல்லிக்கொடுத்த விடையைச் சொல்ல வைக்கும் வழக்கம், ஆண்டாய்வு என்ற பெயரில் பல தலைமுறை நீடித்தது.

4. சுமை பிள்ளைக்கு மாறியது

மானிய முறை போன பின் தேர்வின் விளைவு ஆசிரியரின் ஊதியத்திலிருந்து பிள்ளையின் வருங்காலத்துக்கு இடம்பெயர்ந்தது. ஆண்டிறுதியில் தேறாதவர் அதே வகுப்பில் தங்க வேண்டும். அதன் விளைவை 1929-இல் ஹார்டாக் குழு எண்களில் காட்டியது: பிரிட்டிஷ் இந்தியாவில் 1922-23-இல் முதல் வகுப்பில் இருந்த ஒவ்வொரு 100 பிள்ளைகளுக்கும், 1925-26-இல் நான்காம் வகுப்பை எட்டியிருந்தவர்கள் 18 பேர் மட்டுமே. இடைநிற்றலையும் வகுப்பில் தேங்குதலையும் சேர்த்தே அக்குழு ஆராய்ந்தது. முதல் வகுப்பிலேயே பெயிலாகித் தங்கிய பிள்ளை, பின்னர் வேலைக்குப் போய்விட்ட பிள்ளை என்று இருவகை இழப்பும் அதில் அடங்கும்.

எட்டாம் வகுப்பின் முடிவில் இருந்த தொடக்கப் பள்ளி இறுதிச் சான்றிதழ்த் தேர்வு, இ.எஸ்.எல்.சி. என்ற பெயரில் ஊரெங்கும் அறியப்பட்டது. அன்றைய கிராமத்தில் அது பெரிய சான்று. அதைத் தேறி ஆசிரியப் பயிற்சி முடித்தவர் தொடக்கப் பள்ளி ஆசிரியராகலாம். கடைநிலை அரசுப் பணிகளுக்கும் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி நெடுங்காலம் தகுதியாக இருந்தது. வணிக வாகன ஓட்டுநர் உரிமத்துக்கும் 2019 வரை அத்தகுதி கட்டாயம். அதற்காகவே தனித்தேர்வராக இத்தேர்வை எழுதியவர்களும் உண்டு.

வேலையோடு இணைந்த சான்று என்பதால் தயாரிப்பும் கடுமையானது. மாலை வகுப்பு, பழைய வினாத்தாள், வினா-விடை நூல், விடியற்காலை உரக்கப் படிக்கும் வழக்கம் எல்லாம் இச்சூழலில் வேர்கொண்டவை. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு வீட்டில் பாடம் சொல்ல ஆளில்லை. அவனுக்கு ஆசிரியரின் மாலை வகுப்பு பெரும் துணை. அந்த ஆசிரியர்களின் உழைப்பால் உயர்ந்த குடும்பங்கள் ஏராளம். அதே வேளையில், தேறும் வாய்ப்பில்லாத பிள்ளையைத் தேர்வுக்கு முன்பே வடிகட்டிவிடும் பழக்கமும் அந்தத் தயாரிப்புக்குள்ளேயே வளர்ந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அக்காலத்தை நேர்மையாக மதிப்பிட முடியாது.

5. சுமையை இறக்கிய சீர்திருத்தங்கள்

கோத்தாரி ஆணையம் (1964–66) தொடக்க வகுப்புகளில் மதிப்பீடு அடிப்படைத் திறன்களை வளர்ப்பதற்காக இருக்க வேண்டும் என்றும், ஒன்று முதல் நான்கு வரையான வகுப்புகளை இயன்றவரை ஒரே அலகாகக் கருதலாம் என்றும் பரிந்துரைத்தது. இக்கருத்து தமிழகத்தில் முழுவடிவம் பெற நாற்பது ஆண்டுகள் பிடித்தன. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி மாதிரியைத் தழுவி 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. அட்டைகளும் கற்றல் ஏணியும் கொண்ட அம்முறையில் மதிப்பீடு ஏணியின் ஒரு படி. பிள்ளை தன் வேகத்தில் அதை அடைவான். தவறினால் துணை அட்டைகளுக்குத் திரும்புவான். தேர்வுக்கெனத் தனிப் பருவம் இல்லை.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது; தொடக்கக் கல்வி முடியும் வரை எந்த வாரியத் தேர்விலும் தேற வேண்டிய கட்டாயம் இல்லை என்றது. 2012-13-இல் தமிழ்நாட்டில் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு அறிமுகமானது: வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்.

நோக்கம் உயர்ந்தது; நடைமுறை தடுமாறியது. வளரறி மதிப்பீடு பல பள்ளிகளில் பதிவேடு நிரப்பும் வேலையானது. பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறான் என்று ஆசிரியர் அறிந்து அன்றே உதவுவதற்காக வந்த முறை, அலுவலகத்துக்குக் காட்டும் தாளாக மாறியது. அடுத்த வகுப்புக்கு உயர்ந்துகொண்டே வந்த பிள்ளை சரளமாக வாசிக்க இயலாமல் எட்டாம் வகுப்பை முடிக்கும் நிலையும் கண்டோம். பலரும் இதற்குத் தேர்வு இல்லாமையைக் காரணமாகச் சொல்கிறார்கள். உண்மைக் காரணம், பிள்ளையின் நிலை பற்றிய தகவல் ஆசிரியருக்கு உதவியாக மாறாமல் போனதே. 2022-இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை வகுப்பால் பிரிக்காமல் அவர்கள் எட்டியிருக்கும் நிலையால் பிரித்துக் கற்பிக்க முயன்றது இந்தக் குறையை உணர்ந்ததன் அடையாளம்.

6. 2019–20: திரும்பி வந்த பொதுத் தேர்வு

2019-இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைக்கவும் தேறாதவரை நிறுத்தவும் மாநிலங்களுக்கு வாய்ப்பு அளிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு இவ்விரு வகுப்புகளுக்கும் பொதுத் தேர்வை அறிவித்தது. மூன்றாண்டுகளுக்கு யாரையும் நிறுத்தப்போவதில்லை என்று அரசு சொன்னபோதும் அச்சம் தணியவில்லை. பத்து வயதுப் பிள்ளை பொதுத் தேர்வு எழுதுவதா என்று பெற்றோரும் ஆசிரியர் அமைப்புகளும் கல்வியாளர்களும் கேட்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளின் இடைநிற்றல் கூடும் என்பதே அவர்களின் முதன்மையான வாதம். 2020 பிப்ரவரி 4 அன்று அறிவிப்பு ரத்தானது.

தேர்வு நடக்கவில்லை, ஆனாலும் அந்தச் சில மாதங்கள் ஆய்வுக்கு உரியவை. நிறுத்திவைத்தல் இல்லை என்று தெரிந்தும், பொதுத் தேர்வு என்ற அறிவிப்பே வகுப்பறையின் போக்கை மாற்றப் போதுமானதாக இருந்தது. மாதிரி வினாத்தாள்களைப் பற்றிய பேச்சும் சிறப்பு வகுப்புகளைப் பற்றிய பேச்சும் ஐந்தாம் வகுப்புக்கு இறங்கின. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் கட்டாயத் தேர்ச்சியைக் கைவிட்டபோது தமிழ்நாடு அதைப் பின்பற்றவில்லை. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் எட்டாம் வகுப்பு வரை தடையற்ற தேர்ச்சியையே வலியுறுத்தியது.

7. பரிசாக வரும் தேர்வு

2008-இல் தொடங்கிய தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் திட்டம் வேறு வகையைச் சேர்ந்தது. இதில் தவறுவதால் பிள்ளை எதையும் இழப்பதில்லை. வென்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000 ரூபாய் கிடைக்கும். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடாமல் காப்பதே திட்டத்தின் நோக்கம். நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் இடங்கள். அவற்றில் தமிழ்நாட்டின் பங்கு 6,695. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு எழுதலாம். மனத்திறன் தாளில் 90 வினா. படிப்பறிவுத் தாளில் கணக்கு 20, அறிவியல் 35, சமூக அறிவியல் 35 என 90 வினா.

இத்தேர்வு தமிழகக் கிராமப் பள்ளிகளில் ஒரு தன்னார்வ இயக்கத்தை உருவாக்கியிருக்கிறது. ஆசிரியர்கள் சொந்த நேரத்தில் வினாத்தொகுப்பு தயாரித்து வாட்ஸ்அப் குழுக்களில் இலவசமாகப் பகிர்கிறார்கள். கட்டணப் பயிற்சிக்கு வழியில்லாத பிள்ளை அரசுப் பள்ளிக்குள்ளேயே பயிற்சி பெறுகிறான். இது பாராட்டுக்குரியது. பயிற்சியும் கற்றலும் ஒன்றுபட இங்கே நல்ல வாய்ப்பு உண்டு: எண் தொடரை அவிழ்க்கும்போது விதியைத் தேடுவது கணிதச் சிந்தனை, வென் வரைபட வினா தருக்கத்தின் தொடக்கம்.

கவனிக்க வேண்டிய ஆபத்தும் உண்டு. தலைமையாசிரியரின் பெருமை தேர்ச்சி எண்ணிக்கையோடு சேரும்போது, வகுப்பில் நன்றாகப் படிக்கும் நான்கைந்து பேர் மட்டும் பொறுக்கி எடுக்கப்படுகிறார்கள். மீதிப் பிள்ளைகள் பின்வரிசையில் இருக்கிறார்கள். தேறும் பிள்ளையை மட்டும் கணக்கில் கொள்ளும் வழக்கத்தின் மறுவடிவம்தான் இது.

8. அமைப்பை அளக்கும் ஆய்வுகள்

2017-லும் 2021-லும் நடந்த தேசிய அடைவு ஆய்வு, 2024 டிசம்பரில் நடந்த பரக் ராஷ்ட்ரிய சர்வேக்ஷன் ஆகியவை பிள்ளைக்குத் தனி மதிப்பெண் தருவதில்லை. 2021 ஆய்வில் மட்டும் சுமார் 1.18 லட்சம் பள்ளிகளின் 34 லட்சம் மாணவர்கள் பங்கேற்றார்கள். நோயைக் கண்டறியும் சோதனையாக இருக்க வேண்டிய இந்த ஆய்வு, மாவட்டங்களை வரிசைப்படுத்தும் பட்டியலாகப் படிக்கப்படும்போது அழுத்தம் மீண்டும் கீழே இறங்குகிறது.

அந்த அழுத்தம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்கா சான்று. 2002-இல் கையெழுத்தான 'எந்தப் பிள்ளையும் பின்தங்கக் கூடாது' சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு வைத்தது. இலக்கை எட்டாத பள்ளிகளுக்குத் தண்டனை விதித்தது. பல மாவட்டங்களில் கலையும் சமூக அறிவியலும் சுருங்கின. அட்லாண்டாவில் 2009-ஆம் ஆண்டுத் தேர்வில் ஆசிரியர்களே மாணவரின் விடைகளை மாற்றியதாக 2011-இல் வெளியான மாநில விசாரணை அறிக்கை 178 பேரைப் பெயர் குறிப்பிட்டது. 2015-இல் வேறு சட்டம் அந்தச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. ஒரு அளவுகோல் தீர்ப்பளிக்கும் கருவியாகும் அளவுக்கு அது சிதைவுக்கு உள்ளாகும் என்று சமூக அறிவியல் ஆய்வாளர் டொனால்ட் கேம்பல் 1970-களில் வகுத்த விதிக்கு, 1862-ஆம் ஆண்டின் இங்கிலாந்தும் 2009-ஆம் ஆண்டின் அட்லாண்டாவும் ஒன்றுபோல் எடுத்துக்காட்டாகின்றன.

முடிவுரை

இவ்வரலாற்றில் தேர்வின் சுமை ஆசிரியரின் கூலியில் ஏறியது. பின் பிள்ளையின் வாழ்வில் ஏறியது. இன்று மாவட்டத்தின் தரவரிசையில் ஏறுகிறது. ஏறிய இடமெல்லாம் தயாரிப்பு குறுகியது. சுமை குறைந்த இடத்திலோ, தகவலை உதவியாக மாற்றும் ஏற்பாடு இல்லாததால் நன்மை முழுமையாகக் கைகூடவில்லை. எனவே தேர்வை நீக்குவது, வைப்பது என்ற இரண்டு தீர்வும் தம்மளவில் போதாதவை.

அடிக்கடி நிகழும் சிறு தேர்வு கற்றலுக்கு உதவும் என்பதற்கு உறுதியான சான்று இருக்கிறது. ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடங்களுக்குப் பின் நடந்த சோதனையில் முந்தினார்கள். படித்ததை நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரத்துக்குப் பின் நடந்த சோதனையில் முந்தினார்கள். மதிப்பெண் பதிவேட்டில் ஏறாத ஐந்து வினாக்கள் தினமும் வகுப்பில் கேட்கப்பட்டால் அதுவே நல்ல தயாரிப்பு. பாடநூலுக்கு வெளியே உள்ள பத்தியை வாசித்துப் பொருள் சொல்வதும், விடையோடு வழிமுறையையும் விளக்குவதும் எந்தத் தேர்வுக்கும் உதவும். ஓ.எம்.ஆர். தாளையும் நேரக் கட்டுப்பாட்டையும் பழக்க இரண்டு வாரம் போதும். அதற்காக ஓராண்டைச் செலவிடுவது பிள்ளையின் காலத்தைப் பறிப்பதாகும்.

அரசு செய்ய வேண்டியவையும் தெளிவானவை. அடைவு ஆய்வின் முடிவை வினாவாரியாக, அந்தக் கல்வியாண்டுக்குள்ளேயே, ஆசிரியர் கைக்குக் கொடுக்க வேண்டும். அதைத் தரவரிசையாக வெளியிடுவதைக் கைவிட வேண்டும். பின்தங்கிய பள்ளிக்கு விளக்கம் கேட்கும் கடிதம் போவதற்கு முன் கூடுதல் ஆசிரியர் போக வேண்டும். உதவித்தொகைத் தேர்வின் பயிற்சி வகுப்பு முழுவதற்கும் பொதுவாக நடக்க வேண்டும். தேர்வு எழுதாத பிள்ளைக்கும் தருக்கச் சிந்தனை தேவை. 1906-இல் கைவிடப்பட்ட கணக்கை மீண்டும் வேறு பெயரில் தொடங்காதிருப்பதும், பிள்ளைக்குத் தெரியாததைக் கண்டறிந்த நாளிலேயே அவனுக்குக் கற்பிக்கத் தொடங்குவதும் இன்றைய கல்வித் துறையின் கடமை.